பழைய காலுறையில் ஒரு கூதிர்காலம்

(ஒன்பதாம் வகுப்புத் தையல் குழு மாணவியர்)

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் மூத்தோர் வாக்கு. கசக்கிக் கட்டவும் ஆகாத நிலைக்கு வந்துவிட்ட கந்தையை என்ன செய்வது? வேட்டி கிழிந்தால் கைத்துண்டு ஆகும். சேலை நைந்தால் குழந்தைக்குத் தூளி ஆகும். பாவாடை கிழிந்தால் தலையணை உறை ஆகும். ஆனால் நாம் சாக்ஸ் என்று வழங்கும் காலுறைக்கு இந்தப் பேறு வாய்ப்பதில்லை. குதிகாலில் ஓட்டை விழுந்தால் அது நேரே குப்பைக் கூடைக்குப் போகிறது. அந்தக் காலுறையைக் கொண்டு நாங்கள் செய்த சில எளிய அலங்காரப் பொருள்களைப் பற்றியும், அவற்றைச் செய்யும்போது கற்றுக்கொண்டவற்றைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுதுகிறோம். வாசிக்கும் தோழியரும் பெற்றோரும் தங்கள் வீட்டிலும் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

எது நம் இலையுதிர் காலம்?

ஆங்கிலப் பாடத்தில் இலையுதிர் காலத்தைப் பற்றிப் படித்தோம். அந்நாடுகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாய் மாறி இலைகளை உதிர்க்கின்றன. குளிர் நெருங்குவதால் இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. சில மரங்களில் புதிதாகச் சிவப்பு நிறப்பொருளும் உண்டாகிறது. அந்நாட்டு மக்கள் அப்பருவத்தில் பூசணிக்காய்களையும் சிவந்த இலைகளையும் கொண்டு வீட்டை அலங்கரிப்பார்களாம். பழைய காலுறைகளில் பஞ்சை அடைத்துப் பூசணி செய்வதும் அவ்வழக்கங்களில் ஒன்று என்று தையல் ஆசிரியை கூறினார்கள். "நாமும் செய்யலாமே, டீச்சர்!" என்று நாங்கள் குதூகலித்தோம்.

ஆனால் பள்ளியின் சன்னல் வழியே வெளியே பார்த்தபோது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஐப்பசி மாதத்தில் எங்கள் தருமபுரியில் எந்த மரம் இலையை உதிர்க்கிறது? தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் எட்டிப் பார்க்கும் மாவட்டம் எங்களுடையது. ஆண்டு முழுவதும் வறண்டு கிடக்கும் கரடுகூட அந்த மாதத்தில்தான் பச்சைப் போர்வை போர்த்துக்கொள்கிறது. எங்கள் வேம்பும் அரசும் இலையை உதிர்ப்பது மாசி, பங்குனியில். அவை குளிருக்கு அஞ்சி உதிர்ப்பதில்லை. நீரைச் சேமிப்பதற்காகவே உதிர்க்கின்றன.

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மேல்நாட்டார் இலையுதிர் காலம் என்று கொண்டாடும் மாதங்களில் ஏறத்தாழ பாதி நமக்குக் கூதிர்காலமாகும். ஆகவே சிவந்த மேப்பிள் இலையைக் காலுறையில் வெட்டி ஒட்டுவதில் பொருளில்லை என்று முடிவு செய்தோம். நம் கூதிர்காலத்தில் நம் கண் காண்பது எதுவோ அதையே செய்ய வேண்டும்.

அப்படியானால் எவற்றைச் செய்வது? கரும்பலகையில் ஆளுக்கொன்றாக எழுதினோம். ஆடியில் விதைத்த கேழ்வரகு கதிர் முற்றிச் சாயும் காலம் அது. கேழ்வரகுக் காட்டில் ஊடுபயிராக விட்ட அவரை பூத்துக் காய்க்கும். வேலியில் படர்ந்த பூசணி காய் விட்டிருக்கும். கிணற்றின் மேல் சாய்ந்த மரத்தில் தூக்கணாங்குருவி கட்டிவிட்டுப் போன கூடுகள் காற்றில் ஆடும். இந்த நான்கையும் எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு வேறு ஊரின் பருவம் தேவைப்படவில்லை.

யாருக்காகச் செய்தோம்?

அலங்காரம் என்றால் அதைப் பார்க்க ஒருவர் வேண்டும். எங்கள் விடுதியில் முதல் வகுப்பிலிருந்து படிக்கும் சின்னஞ்சிறு தங்கைகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் நாள். அன்று காலைத் திருப்பலி முடிந்தவுடன் தங்கைகள் தலைவாரிப் பூச்சூடி வாயிற்படியில் அமர்ந்துவிடுவார்கள். மழைக்காலத்தில் எல்லாருடைய பெற்றோரும் வருவதில்லை. சிலர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். சிலர் செங்கல் சூளைகளில் இருப்பார்கள். சிலர் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் வானம் பார்த்த நிலமே மிகுதி. நிலம் கைவிட்டால் ஊர்விட்டு ஊர் போவதைத் தவிர வேறு வழியில்லை. மாலை மணியடிக்கும்போது வாயிற்படியில் எஞ்சியிருக்கும் பிள்ளைகளை எழுப்பி உள்ளே அழைத்து வருவது, விடுதியைக் கவனிக்கும் சிஸ்டருக்கு மிகவும் கடினமான வேலை.

"அந்தத் தாழ்வாரம் வெறிச்சென்று இருக்கிறது, பிள்ளைகளா. நவம்பர் மாதம் பெற்றோர் வரும் நாளுக்கு முன் அங்கே ஏதாவது செய்து தருவீர்களா?" என்று சிஸ்டர் கேட்டார்கள். எங்கள் கைவேலைக்கு ஒரு பயன் கிடைத்தது.

காலுறையின் கதை

வேலை தொடங்குமுன் ஆசிரியை எங்களுக்குக் காலுறையின் வரலாற்றைச் சொன்னார்கள். எகிப்து நாட்டில் அன்டினோபோலிஸ் என்ற பழைய நகரில் 1913-14-ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்வாய்வில், ஒரு குப்பை மேட்டிலிருந்து சிறு குழந்தையின் இடக்காலுறை ஒன்று கிடைத்தது. அது ஏறத்தாழ கி.பி. 300-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. செருப்பின் வார் நுழைவதற்காகப் பெருவிரலுக்குத் தனி அறை வைத்துக் கம்பளி நூலால் செய்யப்பட்டது. நிறநிறமான பட்டைகள் உடையது. இப்பொழுது அது இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 2018-ஆம் ஆண்டு அந்த அருங்காட்சியகத்தின் அறிவியலறிஞர்கள் அதனை ஆராய்ந்து, மூன்றே தாவரச் சாயங்களால் அத்தனை நிறங்களும் உண்டாக்கப்பட்டன என்று கண்டறிந்தார்கள். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர். நீலத்துக்கு நம் அவுரியைப் போல் நீலம் தரும் ஒரு செடி. மஞ்சளுக்கு இன்னொரு பூண்டு. இவற்றைக் கலந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோய்த்தும் மற்ற நிறங்களைப் பெற்றிருக்கிறார்கள்.

ஏழைக் குழந்தையோ செல்வக் குழந்தையோ நாமறியோம். யாரோ ஒரு தாய் அல்லது பாட்டி அந்தச் சிறு காலுக்கு இத்தனை நிறம் பார்த்துப் பின்னியிருக்கிறாள். பழையதானதும் அது குப்பைக்குப் போனது. ஆயிரத்தறுநூறு ஆண்டு கழிந்தபின் அதே குப்பையிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள்! ஒரு பொருளின் மதிப்பு அதைப் பார்க்கும் கண்ணில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். இன்று திருப்பூரில் சுழலும் பின்னல் இயந்திரங்களுக்கெல்லாம் அதுவே மூதாதை எனலாம். தறியில் நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கு நெடுக்காக ஓடுகின்றன. பின்னலில் அப்படியன்று, ஒரு நூலே கண்ணி கண்ணியாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து செல்கிறது. அதனால்தான் காலுறை இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. அதனாலேயே ஒரு கண்ணி அறுந்தால் அதையொட்டிய கண்ணிகளும் வரிசையாக அவிழ்ந்துகொண்டே போகின்றன. காலுறையைக் கத்தரித்தவுடன் விளிம்பை மடித்துத் தைத்துவிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கூடை நிறைந்தது

பள்ளி வாயிலில் ஒரு மூங்கில் கூடையை வைத்து, பழைய காலுறைகளைத் துவைத்துக் கொண்டுவந்து போடும்படி காலை வழிபாட்டில் அறிவித்தோம். ஒரே வாரத்தில் கூடை நிறைந்து வழிந்தது. வெள்ளை, கருநீலம், கறுப்பு, சாம்பல் என்று பல நிறங்கள். ஒற்றைக் காலுறைகளும் மிகுதி. இன்னொன்று எங்கே போயிற்று என்பது ஒவ்வொரு வீட்டிலும் விளங்காத மறைபொருள் போலும்!

எல்லாவற்றையும் தையல் அறைத் தரையில் கொட்டித் தரம் பிரிக்க உட்கார்ந்தோம். சித்தேரி மலைப் பகுதியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, அந்தக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கையை உள்ளே விட்டு விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூடையில் ஏதும் போடவில்லை. போடுவதற்கு அவளிடம் பழைய காலுறை இல்லை. இருந்தது ஒரே இணை, அது அவள் காலில் இருந்தது. சற்று நேரம் கழித்து, "இதெல்லாம் பழசா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தக் கேள்வியில் குறை சொல்லும் தொனி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். குதிகாலில் மொச்சைக் கொட்டையளவு ஓட்டை; மற்றபடி காலுறை புதிதாகவே இருந்தது. அவள் பாவாடைப் பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தாள். பியூஸ் போன பல்பு ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். ஆய்வுக்கூடத்து அலமாரியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து தந்தோம். பல்பைக் காலுறைக்குள் விட்டு, ஓட்டை அதன் உருண்டைப் பகுதியின்மேல் வரும்படி இழுத்துப் பிடித்தாள். முதலில் ஓட்டையைச் சுற்றி நூலோடிப் பலப்படுத்தினாள். பிறகு மேலும் கீழுமாக நெருக்கமாக இழைகளைப் போட்டாள். அப்புறம் பக்கவாட்டில், ஓர் இழையின் மேலும் அடுத்த இழையின் கீழுமாக ஊசியைச் செலுத்திக் கொண்டே வந்தாள். தறியில் நெய்வது போலவே ஒரு சிறு துணி அந்த ஓட்டையில் நெய்யப்பட்டுவிட்டது. முடிச்சுப் போடவில்லை, முடிச்சு காலை உறுத்தும் என்றாள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

"யாரிடம் கற்றாய்?" என்று கேட்டோம். "அம்மாவிடம்; அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ் பார்க்கும் வேலை செய்கிறது. ஓட்டை இருக்கிற பீஸை எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். தீபாவளிக்கு வரும்போது சொல்லிக் கொடுத்தது" என்றாள்.

அன்று முதல் வேலையின் ஒழுங்கு மாறியது. குவியலை மூன்றாகப் பிரித்தோம். தைத்தால் அணியலாம் என்பவை முதல் பகுதி. நல்லதாக இருந்தும் இணை இல்லாதவை இரண்டாம் பகுதி. இனி அணிய முடியாது என்பவை மூன்றாம் பகுதி. முதல் பகுதியை அத்தோழியே எங்களுக்கு ஆசிரியையாக இருந்து இழையோட்டித் தைக்கக் கற்றுத் தந்தாள். இரண்டாம் பகுதியில் ஒரே அளவும் ஒரே நிறமும் உள்ளவற்றைத் தேடி இணை சேர்த்தோம்; வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளின் ஒற்றைகள் ஒன்றாகிப் புது இணைகள் ஆயின. இவ்வாறு கிடைத்த இணைகளை விடுதி மாடிப்படிக்கு அடியிலுள்ள அலமாரியில் மடித்து வைத்தோம். அதற்குப் பூட்டு இல்லை. பெயர் எழுதும் ஏடும் இல்லை. தேவைப்படுபவர் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியிருந்தால் பலர் எடுக்கவே மாட்டார்கள் என்று சிஸ்டர் சொன்னார்கள். மூன்றாம் பகுதியை மட்டுமே அலங்காரத்துக்கு எடுத்தோம். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சாயம் தோய்த்த விதம்

எங்களிடம் இருந்தவற்றில் வெள்ளைக் காலுறைகளே அதிகம். பருத்தியா நைலானா என்று முதலில் அறிய வேண்டும். ஆசிரியை முன்னிலையில், ஓர் இழையை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினோம். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணத்துச் சாம்பலாகும். நைலான் உருகி உருண்டு கெட்டியாகும். நைலான் 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. 1940-இல் பெண்களின் நீண்ட காலுறைகளாகக் கடைக்கு வந்தது. அது மண்ணில் எளிதில் மக்காது. ஆதலால் நைலான் காலுறையைக் குப்பையில் எறியாமல் மறுபடி பயன்படுத்துவது இன்னும் அவசியமாகிறது.  நைலானை அதன் நிறத்திலேயே பயன்படுத்தினோம்.

பருத்திக் காலுறைகளுக்குக் கடைச் சாயம் வாங்கவில்லை. மஞ்சள்தூளைக் கொதிக்க வைத்த நீரில் தோய்த்தால் பளிச்சென்ற மஞ்சள். அதையே தெளிந்த சுண்ணாம்பு நீரில் முக்கினால் கண்ணெதிரே சிவப்பாக மாறும். புளிக்கரைசல் பட்டால் மறுபடி மஞ்சளாகும். இந்தச் சிவப்பு நிலைத்து நிற்பதில்லை; மஞ்சளும் வெயிலில் வெளுத்துவிடும். ஆகவே நிழலில் உலர்த்தி, உள்ளே தொங்கவிடும் பொருள்களுக்கே வைத்துக்கொண்டோம். சமையலறை அக்கா சேர்த்துத் தந்த வெங்காயத் தோலைப் படிகாரத்துடன் கொதிக்க வைத்ததில் நல்ல செம்மஞ்சள் கிடைத்தது. தேயிலைச் சக்கை கேழ்வரகின் பழுப்பைத் தந்தது. கடுக்காய் நீரில் ஊறவைத்த துணியை, துருப்பிடித்த ஆணிகளை வெல்லக் கரைசலில் ஒரு வாரம் போட்டு வைத்த நீரில் முக்கினால் கரும்சாம்பல் நிறம் வரும். சுண்ணாம்பைக் கையாளும்போது கண்ணில் படாமல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

செய்முறை

பூசணி: காலுறையின் கணுக்காலுக்கு மேலுள்ள குழாய்ப் பகுதியை வெட்டிக்கொள்க. ஒரு முனையைச் சுற்றி நூலோடி இழுத்து இறுகக் கட்டுக. அதை உட்புறம் வெளிவரத் திருப்பி, இலவம்பஞ்சையோ தையற்கடை வெட்டுத்துணியையோ திணித்து மறுமுனையையும் கட்டுக. கோணி ஊசியில் தடித்த நூலைக் கோத்து, அடியின் நடுவிலிருந்து மேலே குத்தி, வெளிப்புறமாகச் சுற்றி வந்து மறுபடி அடியில் குத்தி இழுக்க வேண்டும். இவ்வாறு ஆறு அல்லது எட்டு முறை செய்தால் பூசணியின் கீற்றுகள் எழும்பி நிற்கும். காம்புக்கு ஒரு வேப்பங்குச்சி. இலைக்குப் பச்சைக் காலுறைத் துண்டு.

கேழ்வரகுக் கதிர்: தேயிலைச் சாயமேற்றிய காலுறையை மூன்று விரல் அகல நாடாக்களாக வெட்டிச் சுருட்டித் தைக்க வேண்டும். தைக்கும்போது ஒரு பக்க நூலைச் சற்று இறுக்கினால் சுருள் உட்புறமாக வளையும். அதன்மேல் முடிச்சுத் தையல் நெருக்கமாகப் போட்டால் மணிகள் ஆகும். ஐந்தாறு சுருள்களை ஓர் ஈர்க்கின் நுனியில் சேர்த்துக் கட்டினால், மடக்கிய கைவிரல்கள்போல் முற்றிய கதிர் ஆயத்தம்.

அவரைச் சரம்: பச்சைத் துணியைப் பிறைவடிவில் இரண்டிரண்டாக வெட்டி ஓரம் தைத்து, உள்ளே நான்கு புளியங்கொட்டைகளை வைத்து மூடுக. ஊதா நிறத் துணுக்கு கிடைத்தால் பூவும் வைக்கலாம். கயிற்றில் கோத்து வாயிலில் தோரணமாகக் கட்டுக. காற்றில் ஆடும்போது கலகலவென்று ஒலிக்கும்.

தூக்கணாங்குருவிக் கூடு: இதுவே எங்களுக்கு மிகவும் பிடித்தது, மிகவும் எளியதும் இதுவே. காலுறையின் வடிவமே அக்கூட்டின் வடிவம் அல்லவா! நுனிவிரல் பகுதியை மேலே பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால், குதிகாலின் புடைப்பு முட்டையிடும் அறையாகவும், கீழே தொங்கும் கணுக்கால் பகுதி நுழைவாயில் குழலாகவும் அமைந்துவிடுகின்றன. நுனியில் நார்க் கயிறு கட்டுக. குதிகால் பகுதிக்குள் பனையோலை ஈர்க்கை வளையமாக வைத்துத் தைத்தால் புடைத்து நிற்கும். மேலே வைக்கோல் இழைகளை வரிசையாகத் தைத்துவிட்டால், சற்றுத் தொலைவிலிருந்து பார்ப்பவர் உண்மைக் கூடு என்றே எண்ணுவர். ஒரு பக்கத்தில் கை நுழையும் அளவு சிறு பை வைத்தோம். அதன் பயனைப் பின்னர்ச் சொல்வோம்.

பறவையறிஞர் சாலிம் அலி 1930-ஆம் ஆண்டு, பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹீம் என்ற கடற்கரை ஊரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்து, அவற்றின் வாழ்க்கையை விளக்கி எழுதினார். ஆண் குருவியே கூட்டை நெய்கிறது. பாதி நெய்த நிலையில் பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து சோதித்துப் பார்க்கிறது. அதற்குப் பிடித்தால்தான் கூடு முழுமை பெறுகிறது. அலகு ஒன்றைத் தவிர வேறு கருவி இல்லாத சிறு குருவி புல்லிழையையும் ஓலை நாரையும் கொண்டு மழைக்கும் காற்றுக்கும் அசையாத வீட்டை நெய்கிறது. இரண்டு கையும் ஊசியும் கத்தரியும் உள்ள நாம், பொருள் இல்லை, வசதி இல்லை என்று சொல்லலாமா?

வெட்டி எஞ்சிய துணுக்குகளையும் எறியவில்லை. காலுறையின் மேல் விளிம்பிலிருந்த எலாஸ்டிக்கைப் பிரித்து வேதியியல் படங்களைச் சுருட்டிக் கட்டப் பயன்படுத்தினோம். சிறு துணுக்குகள் பூசணிக்குள் போயின. நூல் குப்பையை மட்டும் முற்றத்தில் வைத்தோம். அதைச் சிட்டுக்குருவிகள் எடுத்துச் சென்றன. ஐயாயிரம் பேர் அப்பம் உண்டபின், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்க்குமாறு இயேசுபிரான் சீடரைப் பணித்ததையும், பன்னிரண்டு கூடைகள் நிறைந்ததையும் நாம் நற்செய்தியில் வாசிக்கிறோம். ஐந்து அப்பங்களைப் பெருக்க வல்ல ஆண்டவருக்குத் துண்டுகள் எதற்கு என்று எண்ணத் தோன்றும். இல்லாமையால் அவர் சேர்க்கச் சொல்லவில்லை. கொடையை மதிக்கவே சொன்னார் என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் விளக்கினார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட "லவுதாத்தோ சி" என்னும் சுற்றுமடலில், பொருள்களைத் தூக்கி எறியும் பழக்கம் மனிதரையும் தூக்கி எறியும் மனத்தை வளர்க்கிறது என்ற கருத்தை வலியுறுத்தியதையும் எங்களுக்குச் சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் கூதிர்காலம்

பெற்றோர் வரும் நாளுக்கு முந்திய சனிக்கிழமை மாலை தாழ்வாரத்தை அலங்கரித்தோம். வாயிலில் அவரைத் தோரணம். தூண்களில் கேழ்வரகுக் கதிர்க் கட்டுகள். திண்ணையில் சிறிதும் பெரிதுமாய்ப் பூசணிகள். உத்தரத்திலிருந்து வரிசையாகத் தூக்கணாங்குருவிக் கூடுகள், தங்கைகளின் கைக்கு எட்டும் உயரத்தில். ஒவ்வொரு கூட்டிலும் ஒரு தங்கையின் பெயரைச் சங்கிலித் தையலில் எழுதியிருந்தோம். விடுதியில் பெட்டி இருக்கும் பிள்ளைக்கும் தனக்கே உரிய சிறு இடம் என்று ஒன்று இருப்பதில்லை. அதற்காகத்தான் அந்தப் பை.

மறுநாள் பெற்றோர் வந்தனர். வழக்கம்போல் சிலருடைய பெற்றோர் வரவில்லை. வந்த தாய்மார் தங்கள் பிள்ளையின் கூட்டைத் தேடிப் பார்த்து, பையில் கடலை உருண்டை வைத்தனர். ஒரு தாய், தம் மகளின் கூட்டில் வைத்தபின் பக்கத்துக் கூட்டின் பையைத் தொட்டுப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. அவர் மடியிலிருந்து இன்னும் இரண்டு உருண்டைகளை எடுத்து அதில் வைத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். அதைக் கண்ட மற்ற தாய்மாரும் அவ்வாறே செய்தனர். மாலை மணியடித்தபோது வெறுமையான கூடு ஒன்றும் இல்லை.

வாயிற்படியில் எஞ்சியிருந்த தங்கைகளின் கண்ணீரை அலங்காரம் துடைத்துவிட்டது என்று நாங்கள் எழுதமாட்டோம். அன்னை வராத ஏக்கத்தைக் காலுறைக் கூடு தீர்க்காது. இரண்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி அன்றும் அழுதாள். ஆனால் சிஸ்டர் அழைக்குமுன் தானே எழுந்து போய்த் தன் கூட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். பிறகு தன் சட்டைப்பையில் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து அதற்குள் வைத்தாள். சென்ற முறை அம்மா வந்த பஸ்ஸின் டிக்கெட்டாம். "அக்கா, இது இங்கேயே இருக்கும்தானே? யாரும் எடுக்க மாட்டார்கள்தானே?" என்று கேட்டாள். எடுக்க மாட்டார்கள் என்று வாக்களித்தோம்.

அலமாரியில் வைத்த காலுறை இணைகள் இரண்டு வாரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போய்விட்டன. யார் யார் எடுத்தார்கள் என்று நாங்கள் பார்க்கவில்லை. இப்பொழுது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளையில், இழையோட்டித் தைக்கும் வகுப்பு நடக்கிறது. சித்தேரித் தோழியே அதை நடத்துகிறாள். எட்டாம் வகுப்புத் தங்கைகள் பல்பும் ஊசியுமாக அவளைச் சுற்றி அமர்கிறார்கள்.

அடுத்து வரும் கிறிஸ்துமஸ் காலத்துக்கு ஒரு திட்டமும் வைத்திருக்கிறோம். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரெச்சோ என்னும் ஊரில் தீவனத் தொட்டியும் வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டு கிறிஸ்து பிறப்பின் காட்சியை அமைத்தார். எளிய பொருள்களால் அமைந்த அக்காட்சியை நினைந்து, எங்கள் பாலன் குடிலின் ஆடுகளையெல்லாம் அணியமுடியாத வெள்ளைக் காலுறைகளாலேயே செய்யப் போகிறோம்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய காலுறையை எடுத்துப் பாருங்கள். முதலில் அதைத் தைத்து அணிய முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் தைத்து நீங்களே அணியுங்கள், அல்லது அணிய இல்லாத ஒருவருக்கு அவர் மனம் கூசாத வகையில் கொடுங்கள். முடியாதென்றால் மட்டும் கத்தரியை எடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. செய்யும் அலங்காரத்தை நம் வயலிலும் வேலியிலும் தேடுங்கள். நம் கேழ்வரகுக் கதிருக்கு எந்த நாட்டுச் சிவந்த இலையும் ஈடாகாது. செய்து முடித்ததை, அதைக் கண்டு மகிழ வேண்டியவர் இருக்கும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

 சிறிய செயல்களையும் பெரிய அன்போடு செய்யும் அருளை இறைவன் நம் அனைவருக்கும் அளிப்பாராக.